பட்டாவுக்கு மரியாதை! பாட்டாளிக்கு நாமம்!

தோழர்களே! விவசாயிகளுக்கு மத்திய சர்க்கார் வருஷத்திற்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்திற்கொரு தடவை 2,000 வீதம், பாங்கிக் கணக்கிலேயே போட்டு வருவது யாவரும் அறிந்த விஷயம். 1-2-2019-ல் இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில் இதை அறிவித்தார்கள். அதே மாதம் 24-ந் தேதி கோரக்பூரில் பிரதம மந்திரி பொத்தானை அமுக்கித் துவக்கியும் வைத்துவிட்டார். அறிவித்ததற்கும் துவக்கினதற்கும் நடுவே 23 நாள்தான். பொதுத் தேர்தலோ ஏப்ரல் மாதத்தில். சர்க்கார் காரியம் இவ்வளவு வேகமாக நடந்ததற்குக் காரணத்தை நாம் ஆராயப் போவதில்லை. நல்ல காரியத்தை எந்த எண்ணத்தோடு செய்தாலும் பயன் ஏழைக்குப் போய்ச் சேர்ந்தால் நமக்குத் திருப்திதான். போய்ச் சேருகிறதா என்பதே நம் கேள்வி.

இத்திட்டத்திற்கு வைத்த பெயர் "பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதி" என்பதாகும். தமிழ்க் குடியானவனுக்குக் கொடுக்கும் பணத்திற்கு அவன் வாயில் நுழையாத பெயர் ஏன் என்பது ஒருபுறமிருக்கட்டும். கிசான் என்றால் விவசாயி; சம்மான் என்றால் மரியாதை. ஆகவே இது விவசாயிக்குச் செய்யும் மரியாதைப் பணம். மரியாதை என்ற சொல் காதில் விழுந்தவுடன் நமக்குச் சந்தேகம் பிறப்பது வழக்கம். ஏனெனில், இந்நாட்டில் மரியாதை என்பது ஒருவன் திண்ணையில் உட்காருவதும் மற்றொருவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவில் நிற்பதுமாகவே வெகுகாலம் இருந்து வந்திருக்கிறது. ஆகையால் இந்த மரியாதை திண்ணைக்கா தெருவுக்கா என்று தெரிந்துகொள்ள, திட்டத்தின் விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தோம்.

விதியில் கண்டது இதுதான். சாகுபடிக்குரிய நிலம் யார் பெயரில் சர்க்கார் கணக்கில் இருக்கிறதோ அவர் குடும்பத்திற்குப் பணம் உண்டு. அவர் உழுதாரா, விதைத்தாரா, அந்த நிலத்தை ஆயுளில் ஒரு தடவையாவது கண்ணால் பார்த்தாரா என்ற கேள்வியே அதில் கிடையாது. குத்தகைக்கு எடுத்து உழுகிறவனுக்குக் கிடையாது. வாரத்திற்கு உழுகிறவனுக்கும் கிடையாது. நாற்றுப் பறிப்பவள், நடுபவள், களையெடுப்பவள், அறுப்பவள், கட்டுச் சுமப்பவன் ஆகிய இவர்களில் ஒருவருக்கும் ஒரு காசு கிடையாது. அதாவது, சர்க்கார் அகராதியில் விவசாயி என்றால் விவசாயம் செய்கிறவனல்ல. பட்டா வைத்திருக்கிறவன் என்று பொருள்!

சில நாளைக்கு முன் நாம் திருவாரூர் பக்கம் ஒரு கிராமத்திற்குப் பேசப் போயிருந்தோம். கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கையில், அறுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாள், முந்தானையில் முடிந்து வைத்திருந்த பாங்கிப் புத்தகத்தை அவிழ்த்து நம்மிடம் நீட்டி, "ஏங்கய்யா, எல்லாருக்கும் ரெண்டாயிரம் வந்துச்சாமே, எனக்கு மட்டும் வரலீங்களே, புத்தகத்தில ஏதும் தப்பா எழுதிப்புட்டாங்களா?" என்று கேட்டார். "உங்கள் பேரில் நிலம் இருக்கிறதா அம்மா?" என்று கேட்டோம். "நெலம் ஏதுங்கய்யா எனக்கு? இந்தா தெரியுதே, இதுக்கு வயசுப் புள்ளையிலேருந்து நடவு நடுறவ நாந்தான்" என்று எதிரே இருந்த வயலைக் காட்டினார். அந்த வயலுக்கு உடையவர் பட்டணத்தில் இருக்கிறாராம். குத்தகைக்கு எடுத்திருப்பவர் பக்கத்துத் தெருக்காரர்; அவருக்கும் வரவில்லையாம். பட்டணத்துக்காரருக்கு மட்டும் தவணை தவறாமல் வருகிறதாம். அந்த அம்மாளின் புத்தகத்தில் தப்பு ஒன்றுமில்லை. தப்பு இருந்த இடம் வேறு. அதை எடுத்துச் சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அது எங்க தலையெழுத்துங்க" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மறுபடி முடிந்துகொண்டார். அந்தச் சொல்லுக்காகத்தான் இந்த வியாசத்தை எழுதத் துணிந்தோம். தலையில் எழுதியிருந்தால் நமக்கு வேலையில்லை. இது கெஜட்டில் எழுதியிருக்கிறது. எழுதின கையும் மனிதன் கைதான்.

இப்படி வெளியே நிற்கிறவர்கள் எத்தனை பேர்? 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் சாகுபடியாளர் என்று எழுதப்பட்டவர்கள் சுமார் 11.9 கோடி; விவசாயக் கூலிகள் 14.4 கோடி. நம் தமிழ்நாட்டிலோ சாகுபடியாளர் சுமார் 42 லட்சம். கூலிகள் 96 லட்சம். அதாவது, நம் மாகாணத்து வயலில் வேலை செய்யும் மூன்று பேரில் இருவருக்கு மேல் கூலிகள். இவர்களைத் தள்ளிவிட்டு விவசாயிக்கு மரியாதை என்று பேர் வைப்பது, கல்யாண வீட்டில் சமைத்தவனையும் இலை போட்டவனையும் பட்டினி போட்டுவிட்டு, பந்தல் எனக்குச் சொந்தம் என்று வந்தவனுக்கு விருந்து வைப்பது போன்றதாகும்.

இனி, யார் யாருக்குக் கிடையாது என்று விதியில் ஒரு ஜாபிதா இருக்கிறது. மந்திரிகள், சட்டசபை மெம்பர்கள், கடைநிலை ஊழியர் நீங்கலாக சர்க்கார் உத்தியோகஸ்தர்கள், மாதம் 10,000 ரூபாய்க்குக் குறையாமல் பென்ஷன் வாங்குவோர், தொழில் நடத்தும் டாக்டர், வக்கீல், இன்ஜினீயர், வருமான வரி கட்டுகிறவர் ஆகியோருக்குப் பணம் இல்லை. இதைப் பார்த்ததும், பணக்காரனை நீக்கிவிட்டார்கள், நியாயமாகத்தான் நடக்கிறார்கள் என்று நீங்கள் எண்ணுவீர்கள். நாமும் ஒரு நிமிஷம் அப்படித்தான் எண்ணினோம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். இந்தியாவில் விவசாய வருமானத்திற்கு வருமான வரி கிடையாது. குத்தகையில் வரும் வருமானமும் விவசாய வருமானமே. ஆகவே வேறு தொழில் செய்யாமல், குத்தகை நெல்லை விற்றுக் காசாக்கிச் சாப்பிட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் படுத்திருக்கும் மிராசுதார், எவ்வளவு வந்தாலும் வரி கட்டுகிறவராக மாட்டார். வரி கட்டாதவரானபடியால் அவர் ஏழை விவசாயி! மரியாதைப் பணம் அவருக்கு உண்டு! முதலில் 2 ஹெக்டேர், அதாவது சுமார் 5 ஏக்கர், வரைக்கும்தான் என்று ஒரு வரம்பாவது இருந்தது. 2019 ஜூனில் அதையும் எடுத்துவிட்டார்கள். தாலூகா ஆபீசில் வேலை பார்க்கும் குமாஸ்தா அரை ஏக்கர் வைத்திருந்தால் அவருக்குக் கிடையாது. வேலையே பார்க்காதவர் எத்தனை ஏக்கர் வைத்திருந்தாலும் உண்டு. சோம்பேறித்தனத்திற்கு இவ்வளவு பச்சையாகச் சன்மானம் கொடுக்கும் விதியை வேறெங்காவது நீங்கள் கண்டதுண்டா?

இவ்வளவையும்கூட அசட்டையால் வந்தது என்று மன்னித்துவிடலாம். மன்னிக்கக்கூடாத விதி ஒன்று இருக்கிறது. 1-2-2019 அன்று யார் பேரில் நிலம் இருந்ததோ அவருக்குத்தான் பணம். அதற்குப் பிறகு ஐந்து வருஷத்திற்குள் கைமாறின நிலத்திற்குக் கிடையாது. ஆனால் சொந்தக்காரர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்திற்கு மட்டும் உண்டு என்று எழுதினார்கள். இதை உதாரணமாகச் சொன்னால்தான் விளங்கும். ஒரு பண்ணையாளின் மகன் திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் இரவு பகலாக வேலை செய்து, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி மிச்சம் பிடித்து, 2019 மார்ச்சில் சொந்த ஊரில் அரை ஏக்கர் வாங்குகிறான். அவன் வமிசத்தில் அவன்தான் முதல் பட்டாதாரன். தானே உழுகிறான். அவனுக்குப் பணம் கிடையாது. அதே மார்ச்சில் அதே ஊரில் ஒரு மிராசுதார் இறந்துபோகிறார். பட்டணத்தில் குத்தகைப் பணத்தில் காலம் தள்ளும் அவர் மகன் இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் காட்டுகிறார். அவருக்குப் பணம் உண்டு. உழைத்து வாங்கினவனைப் பார்த்து "நீ தேதி தவறி வந்தாய்" என்கிற சர்க்கார், பிறந்து வாங்கினவனைப் பார்த்து "உனக்குத் தேதியே கிடையாது, எப்போதும் வரலாம்" என்கிறது. வருணாசிரமத்திற்கு இதைவிட வேறு பாஷ்யம் வேண்டுமா? பிறவியினால்தான் யோக்கியதை என்று மனு சொன்னால் கொதிக்கிறோம். அதையே கம்ப்யூட்டரில் தட்டச்சு அடித்துக் கொடுத்தால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாமா?

பொய்யாகப் பாகம் பிரித்து ஒருவர் நாலு பேராக வந்து நிற்பார்களே, அதைத் தடுக்கத்தான் இந்த விதி என்று சமாதானம் சொல்லுவார்கள். சரி. பொய்ப் பாகத்தைத் தடுக்கட்டும். ரொக்கம் கொடுத்து, முத்திரைக் கட்டணம் கட்டி, சர்க்காரின் சப் ரிஜிஸ்டிரார் முன்னிலையிலேயே பதிவு செய்து வாங்கினவனுக்கும் அண்ணன் தம்பி எழுதிக்கொண்ட பாகப் பத்திரத்திற்கும் வித்தியாசம் தெரியாத சர்க்காரா இது? கட்டணத்தை வாங்கும்போது தெரிந்தது, கொடுக்கும்போது தெரியாமல் போய்விட்டதா?

நிற்க. இந்தப் பட்டா என்பது எப்படி வந்தது? சோழராஜாக்கள் காலத்தில் பிரமதேயம், தேவதானம் என்று ஊர் ஊராக எழுதிக் கொடுத்தார்கள். இறையிலி என்று வரியையும் தள்ளிக் கொடுத்தார்கள். வாங்கினவர் ஏர் பிடித்ததில்லை. ஏர் பிடித்தவன் வாங்கினதில்லை. பிறகு வெள்ளைக்காரன் வந்தான். செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் என்பவர் ஆதிதிராவிட மக்களுக்கு நிலமே இல்லாத கொடுமையை 1891-ல் அறிக்கையாக எழுதியனுப்ப, 1892-ல் பஞ்சமி நிலம் கொடுப்பதற்கு உத்தரவாயிற்று. அந்த நிலங்களில் எவ்வளவு இன்று யார் கையில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு ஊர்க்காரரும் அறிவீர்கள். நாம் எழுதித் தெரியவேண்டியதில்லை. 2015-16 விவசாயக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதிலும் சாகுபடி நிலத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் கையில் இருந்தது 100-க்குச் சுமார் 9 பங்குதான். ஜனத்தொகையில் அவர்கள் 100-க்கு 16-க்கு மேல். ஆகவே பட்டாவைப் பார்த்துப் பணம் கொடுக்கிறேன் என்பவர், பழைய அநியாயத்தின் ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு பணம் கொடுக்கிறார் என்றுதான் அர்த்தம். ஜாதியைக் கேட்கவில்லையே என்று அவர் சொல்லலாம். கேட்க வேண்டிய அவசியமென்ன? பட்டாவே சொல்லிவிடுகிறதே!

பெண்கள் விஷயமும் அப்படியே. அதே கணக்கெடுப்பில் நூறு பண்ணைகளில் 14 கூடப் பெண் பேரில் நிறையவில்லை. நடவும் களையும் பெண் வேலை. பட்டாவும் பாங்கிப் புத்தகமும் ஆண் பேரில். பெண்ணுக்குச் சொத்தில் சமபாகம் வேண்டும் என்று 1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில் தீர்மானம் போட்டபோது சிரித்தார்கள். சட்டம் தமிழ்நாட்டில் 1989-லும், இந்தியா முழுவதற்கும் 2005-லும் வந்தது. பட்டாவில் பேர் ஏறுவதற்கு இன்னும் எத்தனை மகாநாடு வேண்டுமோ தெரியவில்லை.

கோயில் நிலத்தைப் பற்றி எழுதாவிட்டால் நம் வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள். அறநிலையத்துறையின் கீழுள்ள கோயில்களுக்கும் மடங்களுக்குமாக நாலே முக்கால் லட்சம் ஏக்கருக்கு மேல் நிலம் இருப்பதாகச் சர்க்காரே சொல்லுகிறது. அந்த வயல்களில் தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்கு உழுகிறவர்கள் இருக்கிறார்கள். பட்டா சாமி பேரில். ஸ்தாபனங்களுக்குப் பணம் இல்லையென்று விதி இருப்பதால் சாமிக்குக் கிடைக்காது; பட்டா இல்லாததால் உழுகிறவனுக்கும் கிடைக்காது. கோர்ட்டில் வழக்காடுவதற்கு சாமி ஓர் ஆள், அதுவும் மைனர். குத்தகை வசூலிப்பதற்கும் சாமி ஆள். வெள்ளத்தில் பயிர் அழுகிப்போய் உழுதவன் வாயில் கைவைத்து நிற்கும்போது மட்டும் சாமி கல்! நல்லவேளையாக ஆதார் கார்டுக்குக் கைரேகை வேண்டுமென்று வைத்தார்கள். இல்லாவிட்டால் தர்மகர்த்தாக்கள் சாமி பேரில் அந்த 2,000-த்தையும் வாங்கியிருப்பார்கள்.

இப்படி நாம் எழுதினால் எதிரிகள் சும்மா இருக்கமாட்டார்கள். முதலாவதாக, "நிலமில்லாதவனுக்குத்தான் நூறு நாள் வேலை கொடுத்தார்களே, அது போதாதா?" என்பார்கள். 2005-ல் சட்டமான அந்தத் திட்டத்தில் ஏரியில் மண் வெட்டினவருக்குக் கொடுத்தது கூலி. அளவு பார்த்து, வருகைப் பதிவு பார்த்து, வாரக்கணக்கில் காக்கவைத்துக் கொடுத்தது. பட்டாதாரருக்குக் கொடுப்பதோ இனாம். அவர் மண்வெட்டியைத் தொட வேண்டியதில்லை. ஆனால் "சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள்" என்ற பழி யார் மேல் விழுந்தது? மண் வெட்டினவர் மேல்தான்! "நூறு நாள் வேலை வந்து ஆளைச் சோம்பேறியாக்கிவிட்டது, நடவுக்குக் கூலி ஏறிவிட்டது" என்று புலம்பினவர் யார்? வெட்டாமல் வாங்கினவரேதான்! கூலி உயர்வு கேட்ட தகராறு முற்றி 25-12-1968-ல் கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த தேசம் இது. கூலி என்று கேட்டால் நெருப்பு, பட்டா என்று நீட்டினால் மரியாதை என்பது இங்கே இன்று நேற்று வந்த வழக்கமல்ல.

இரண்டாவதாக, "குத்தகைதாரன் யார், கூலி யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ருஜு இல்லையே?" என்பார்கள். ருஜு ஏன் இல்லை? குத்தகைதாரரைக் காப்பாற்ற 1955-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. சீட்டு எழுதிக் கொடுத்தால் வெளியேற்ற முடியாதென்று உடையவர்கள் எழுதுவதையே நிறுத்தி, எல்லாவற்றையும் வாய்ப்பேச்சாக்கிக் கொண்டார்கள். அதைச் சரிப்படுத்த, குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கென்றே 1969-ல் இன்னொரு சட்டம் வந்தது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது; பேர் பதியப் போகிறவனுக்கு மறு வருஷம் வயல் இருக்காது. பயமுறுத்தி ருஜுவை ஒழித்தவர்களே ருஜு எங்கே என்று கேட்பது, அப்பனைக் கொன்றவன் அநாதைச் சலுகை கேட்பது போலிருக்கிறது. 1980-ல் பரம்பரைக் கர்ணத்தையும் முன்சீபையும் ஒழித்துக் கிராம நிர்வாக அலுவலரை வைத்தார்கள். அவர் நேரில் வயலுக்குப் போய், உழுகிறவன் பேரைக் கேட்டு அடங்கலில் எழுதுவதற்கு எந்தச் சாஸ்திரம் தடையாக நிற்கிறது?

கண்டுபிடிக்கவே முடியாதென்பதும் புரட்டு. மேற்கு வங்காளத்தில் 1978 முதல் வாரதாரர்களை வயலோரத்தில் கூட்டம் போட்டே பதிவு செய்தார்கள். பிற்பாடு அந்த மாகாணத்தில் விவசாயிகளுக்கு உதவிப் பணம் கொடுத்தபோது பதிவான வாரதாரருக்கும் கொடுத்தார்கள். ஒடிசாவில் 2018 முடிவில் ஆரம்பித்த காலியா திட்டத்தில், நிலமே இல்லாத விவசாயக் கூலிக் குடும்பங்களுக்கும் ஆடு கோழி வளர்க்கவும் காளான் போடவும் பணம் ஒதுக்கினார்கள். தெலுங்கானாவின் கதை இன்னும் ருசிகரமானது. அங்கே 2018 மே மாதம் முதல் ஏக்கருக்கு இவ்வளவு என்று கொடுத்தார்கள். நூறு ஏக்கர்க்காரருக்கு நூறு பங்கு, குத்தகைதாரருக்குப் பூஜ்யம். கடைசியில் 2025 ஜனவரியில் நிலமற்ற கூலிக் குடும்பத்திற்கும் வருஷம் 12,000 என்று ஒரு திட்டத்தைத் துவக்க வேண்டியதாயிற்று. இந்த ராஜ்யங்களிலெல்லாம் எல்லோருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டதென்று நாம் சொல்லவரவில்லை. ஆளைக் கண்டுபிடிக்க முடியும் என்பதற்கு மட்டும் இவை சாட்சி. ஓட்டுக்கு முந்தின நாள் ராத்திரி சேரியில் எந்தக் குடிசையில் எத்தனை ஓட்டு என்று இருட்டிலேயே கண்டுபிடிக்கிறவர்களுக்கு இது முடியாதா?

மூன்றாவதாக, "வெள்ளைக்காரத் தேசத்திலும் இப்படித்தானே" என்பார்கள். ஆம், இப்படித்தான். ஐரோப்பிய யூனியனில் நிலத்தின் அளவைப் பார்த்துக் கொடுத்ததில், பணத்தில் 100-க்கு 80 பங்கு, வாங்குவோரில் 100-க்கு 20 பேருக்கே போயிற்று. இங்கிலாந்து அந்த யூனியனில் இருந்த காலத்தில் எலிசபெத் ராணியின் சாண்டிரிங்காம் பண்ணைக்குக்கூட விவசாய மானியம் போயிற்று! யூனியனை விட்டு வந்த பிறகு இங்கிலாந்தில், நிலம் வைத்திருப்பதற்காகவே பணம் கொடுப்பது தப்பு என்று சொல்லி 2021 முதல் படிப்படியாகக் குறைத்து வருகிறார்கள். அவர்கள் கைவிடுகிற பழைய சட்டையை நாம் 2019-ல் புதுச் சட்டை என்று போட்டுக்கொண்டோம்.

2020-ல் இங்கே நடந்த சங்கதி ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த வருஷம் ஆகஸ்டில், கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி முதலிய ஜில்லாக்களில், நிலமில்லாத லட்சக்கணக்கானவர்கள் இந்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் போய்விட்டதாக வெளியாயிற்று. உத்தியோகஸ்தர்களின் இரகசியச் சொல்லைக் கொண்டு கம்ப்யூட்டர் கடைகளில் உட்கார்ந்து பேர் ஏற்றியிருக்கிறார்கள். தரகர்கள் பங்கு வாங்கியிருக்கிறார்கள். இது அயோக்கியத்தனம், தரகனையும் அவனுக்குக் கதவு திறந்துவிட்டவனையும் தண்டிக்க வேண்டியதுதான். பாங்கிக் கணக்கிலிருந்து பணத்தைத் திரும்பப் பிடித்தார்கள். அதற்கும் நாம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் பத்திரிகைகள் அவர்கள் அனைவருக்கும் ஒரே பேர் வைத்தன: "போலி விவசாயிகள்" என்று! அவர்களில் ஊரில் பெட்டிக்கடை வைத்திருந்தவன் இருந்தான். அவனை அப்படிச் சொல்லட்டும். காலை ஆறு மணிக்குச் சேற்றில் இறங்கிச் சாயங்காலம் ஏறுகிறவளும் அந்த ஜாபிதாவில் இருந்தால் அவள் போலியா? அவள் போலி என்றால் அசல் யார்? பட்டணத்தில் மின்விசிறிக்கடியில் படுத்துக்கொண்டு செல்போனில் "2,000 வரவு" என்று படிக்கிறவரா?

சிறு பட்டாதாரத் தோழர்கள் நம்மைத் தவறாக எண்ணவேண்டாம். முக்கால் ஏக்கரை வைத்துக்கொண்டு, உரத்துக்கும் உழவு டிராக்டருக்கும் கடன் வாங்கித் தத்தளிக்கிற உங்கள் வாயிலிருந்து பிடுங்கும்படி நாம் சொல்லவில்லை. நாளொன்றுக்குப் பதினாறு ரூபாய் சில்லறை ஆகிற அந்த 6,000, உங்களுக்கே போதாது. ஆனால் உங்கள் பக்கத்து வயலைக் குத்தகைக்கு உழுகிறவனும் உங்களைப் போலவேதான் உரம் வாங்குகிறான். அதற்குமேல் குத்தகையும் அளக்கிறான். அவனையும் கூலியையும் உள்ளே விடச் சொல்லி நீங்கள் கேட்காவிட்டால், நாளை உங்கள் பட்டாவிலும் ஏதோ ஓர் எழுத்துப் பிழையைக் காட்டி நிறுத்தும்போது உங்களுக்காகக் கேட்க ஆளிருக்காது.

கிராம சபை கூடும் நாட்களில் மே 1-ந் தேதியும் ஒன்று. இத்திட்டத்தில் பணம் வாங்குகிறவர்கள் ஜாபிதாவை ஊரறியப் பஞ்சாயத்தில் ஒட்டவேண்டும் என்று விதியே இருக்கிறது. தோழர்கள் போய் உட்கார்ந்து அந்த ஜாபிதாவை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பேர் படித்தவுடனும், அந்த வயலை இந்த வருஷம் உழுதது யார், நட்டது யார் என்று கேட்டு, அந்தப் பேரையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். கூலிப் பெண்களை முன் வரிசையில் உட்காரவைத்து அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். அதற்கெல்லாம் இந்தப் பாரத்தில் கலம் இல்லையென்று கிராம நிர்வாக அலுவலர் சொல்லுவார். ஒரு கோடு போட்டுக் கலம் அடிக்கச் சொல்லுங்கள். அவரிடம் ஸ்கேல் இல்லாவிட்டால் நீங்கள் ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள்.